மூன்று வார விடுப்பும் இரண்டு வகுப்பறைகளும்

கேள்வி: எனக்கு 26 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று வாரம் விடுப்பு சேர்த்து வைத்திருக்கிறேன். கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் இரண்டு வகுப்பறைகள் கட்ட வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் தேவை, முன் அனுபவம் வேண்டாம் என்று ஒரு அமைப்பு அழைக்கிறது. விமானச் செலவு நம்முடையது. அதற்கு மேல் ஒரு கட்டணமும் கட்ட வேண்டும். எனக்கு ஆணி அடிக்கக்கூடத் தெரியாது. "நீ கட்டின சுவர் நிக்கவா போகுது? அந்தக் காசை அவங்களுக்கே அனுப்பிடேன்" என்று அக்கா சிரிக்கிறாள். நான் போவதால் அவர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா ஐயா? போகலாம் என்றால் எதைப் பார்த்து அமைப்பைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் அக்காவின் கேள்வி கேலி மாதிரி இருந்தாலும் நியாயமான கேள்விதான். முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதில் தப்பு செய்தவன் நானே.

2015 ஏப்ரலில் நேபாளத்தில் 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தது இல்லையா, அதற்கு அடுத்த ஆண்டு அங்கே ஒரு மலைக் கிராமத்துக்குப் போயிருந்தேன். இடிந்த பள்ளிக்கூடத்தைத் திரும்பக் கட்டும் வேலை. நான் தன்னார்வப் பொறியாளர். கூடவே பல நாட்டு இளைஞர்கள் 14 பேர். வந்தவர்கள் எல்லாருக்கும் ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டும். அதனால் தூணுக்கு ரிங் வளைக்கும் வேலையை நான்கு பேரிடம் விட்டேன்.

ரிங் என்றால் தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற சதுர வளையம். அதன் இரண்டு முனைகளையும் 135 டிகிரிக்கு மடக்கி, தூணின் உள்பக்கம் பார்த்து நிற்கும்படி விட வேண்டும். 90 டிகிரியில் நிறுத்திவிட்டால் சாதாரண நாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. நிலம் ஆடி, தூணின் மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாயைப் பிளந்துவிடும், உள்ளே இருக்கும் கம்பிகள் பிதுங்கும், தூண் உட்கார்ந்துவிடும். கட்டையில் ஆணிகளை அறைந்து, இரும்புக் குழாயை நெம்புகோலாக வைத்துத்தான் வளைப்பார்கள். 90 வரை சுலபமாக வரும், அதற்கு மேல் தோள் வலிக்கும். பிள்ளைகள் 90-இலேயே நிறுத்தி, இரண்டே நாளில் 140 ரிங் செய்து, எண்ணி, அழகாக அடுக்கியும் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளூர்க் கம்பி வேலைக்காரர் முதல் நாளே அதைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நான் ஒரு ரிங்கைக் கையில் எடுத்துப் பார்த்துத் தலையில் கை வைத்தபோது, "எனக்குத் தெரியும் சார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து செய்கிறார்கள், எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன்" என்றார். 50 கிலோவுக்கு மேல் கம்பி வீண். வளைத்த கம்பியை நிமிர்த்தித் திரும்ப வளைத்தால் அந்த இடத்தில் பலம் போய்விடும், ஆகவே புதுக் கம்பிதான் வாங்க வேண்டும். அந்தப் பணம் கழிப்பறைக்கு ஒதுக்கியிருந்ததிலிருந்து போனது. அதே மனிதர் ஒண்டியாக உட்கார்ந்து ஒன்றரை நாளில் அத்தனை ரிங்கையும் செய்து முடித்தார்.

அந்த நான்கு பேரையும் நான் குறை சொல்ல மாட்டேன். தொழில் தெரிந்தவரை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, தெரியாதவர்களிடம் தூணின் உயிரைக் கொடுத்தது நான். அன்றிலிருந்து இந்த மாதிரிப் பயணம் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே மேஸ்திரி யார்? அந்த ஊர்க்காரரா? அவர் உங்களைத் திட்டலாமா? திட்டலாம் என்றால் போங்கள். அவர் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மட்டும் நிற்க வேண்டும் என்கிற ஏற்பாடாக இருந்தால், அக்கா சொன்னபடி பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள்.

அடுத்தது, அந்த மூன்று வாரம். சிமெண்டுக்கு விடுப்பு கிடையாது. போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். முழு வலிமையை 28 நாள் கணக்கில்தான் பார்ப்போம். கூரைத் தளம் போட்டால், முட்டுக் கொடுத்த சென்ட்ரிங்கை, அதாவது தளத்தைத் தாங்கும் பலகை அடைப்பை, அகலத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு வாரத்துக்காவது தொடக் கூடாது. சுவரையும் ஒரே நாளில் ஆளுயரம் ஏற்ற முடியாது, கீழ் வரிசையின் ஈரச் சாந்து பாரம் தாங்காமல் அமுங்கும். ஆக, அஸ்திவாரத்தில் தொடங்கி ரிப்பன் வெட்டுவது வரை மூன்றே வாரத்தில் முடிப்போம் என்று ஒரு அமைப்பு சொன்னால், ஒன்று அவர்கள் முக்கால்வாசியை முன்பே கட்டி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எதையோ விழுங்குகிறார்கள். முன்பே கட்டி வைத்திருந்தால் நல்லது. நீங்கள் போகும்போது வேலை பாதியில் நடந்துகொண்டிருக்க வேண்டும், திரும்பும்போதும் பாதியில் இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு உங்கள் விமான டிக்கெட் ஒத்துவர வேண்டும் என்ற கவலை எந்த வகுப்பறைக்கும் கிடையாது.

சரி, ஆணி அடிக்கத் தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை? நிறைய இருக்கிறது, ஆனால் எதிலும் கரணை, அதாவது கொத்தனார் சாந்து எடுத்து வைக்கும் கரண்டி, கிடையாது. அமைப்புகளின் விளம்பரப் படங்களில் எல்லாரும் கரணையோடு சுவர் ஓரமாக நிற்பார்கள். கட்டட வேலையில் தொழில் பழகக் கடினமான இடங்களில் அதுவும் ஒன்று. நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு விட்டு, மூலை பிசகாமல் வரிசை எடுக்க ஒரு கொத்தனாருக்கு வருடங்கள் ஆகின்றன. புதிதாக வந்தவர் எடுத்த வரிசையை அவர் பிரித்து மறுபடி எடுப்பதில் அவருடைய பாதி நாள் போகும்.

புது ஆளை நம்பிக் கொடுக்கக்கூடிய வேலை எதுவென்றால், பெரும்பாலும் யாரும் ஆசைப்படாத வேலை. மணல் சலிப்பது. செங்கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது; காய்ந்த கல்லை அப்படியே வைத்தால் சாந்தில் இருக்கிற தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டாது. அப்புறம் கியூரிங், அதாவது கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது. உலகம் முழுவதும் சின்னக் கட்டடங்களில் அதிகமாக ஏமாற்றப்படுகிற வேலை இதுதான் என்பது என் அனுபவம். கான்கிரீட் போட்ட அன்று ஊரே கூடும். மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. தூணுக்குச் சாக்கைச் சுற்றி, அது காயாமல் காலை, மதியம், மாலை என்று நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தளத்தின் ஓரத்தில் சாந்தால் வரப்பு கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். இதற்குப் பலமும் வேண்டாம், கைப்பழக்கமும் வேண்டாம். மறக்காத ஒரு ஆள் போதும். மூன்று வாரம் இதை மட்டும் நீங்கள் ஒழுங்காகச் செய்தால்கூட அந்தக் கட்டடத்தின் ஆயுளில் உங்கள் பங்கு உண்டு. படம் மட்டும் நன்றாக வராது.

இன்னொரு வேலையும் சொல்கிறேன், வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம். கண்ணாடி பாட்டில் ஒன்றில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, அசைக்காமல் சில மணி நேரம் வையுங்கள். மணல் அடியில் தங்கும், மேலே மெல்லிசாக வண்டல் படியும். வண்டலின் உயரம் மணலின் உயரத்தில் சுமார் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மணலைக் கழுவ வேண்டும், இல்லை மாற்ற வேண்டும். ஒவ்வொரு லோடு மணலுக்கும் இதைச் செய்து தேதி போட்டுக் குறித்து வைக்கிற ஆளை எந்த மேஸ்திரியும் விரட்ட மாட்டார். கலவைத் தண்ணீரும் இப்படித்தான். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு ஏறத்தாழ 25 லிட்டர் என்று மேஸ்திரி சொன்னால், கலக்குகிறவர் கை வலிக்கிறதென்று இன்னொரு வாளியைக் கவிழ்க்கப் பார்ப்பார். கலவை குழைந்து சுகமாக வரும், காய்ந்தபின் பலம் இருக்காது. அங்கே வாளி எண்ணிக்கொண்டு நிற்கிற ஆள் சிமெண்டைவிட முக்கியம்.

இப்போது உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். போகிறபோக்கில், கணக்குப் பிரிவில் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டட வேலையில் பற்றாக்குறை எப்போதும் அங்கேதான். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது, எது முன்னால் வந்தது, எதை முன்னால் எடுக்க வேண்டும் என்று இருப்புப் பதிவேடு வைக்க ஆள் இருக்காது. சிமெண்ட் மூட்டை மாதக்கணக்கில் கிடந்தால் பலம் குறையும், ஈரம் பட்டால் கட்டி தட்டும். பழையதை முன்னால் எடுக்காததால் வீணாகும் மூட்டைகளை நான் எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். கூலிப் பட்டியல், அளவுப் புத்தகம், நன்கொடைக்கும் செலவுக்கும் நேர் பார்ப்பது, இவையெல்லாம் அப்படியே. உங்களை வைத்து மண் சுமக்க வைப்பதைவிட, அந்தப் பள்ளிக் குழுவில் இருக்கும் ஒருவருக்கு எளிமையான இருப்புக் கணக்கு வைக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னால், நீங்கள் திரும்பிய பிறகும் அது ஓடும். அமைப்புக்கு எழுதும்போது இதை முதல் வரியாக எழுதுங்கள். "எங்களுக்கு அதெல்லாம் வேண்டாம், வந்து சுவர் கட்டுங்கள்" என்று பதில் வந்தால் அவர்கள் விற்பது என்ன என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

பணக் கணக்கையும் நீங்களே போடுங்கள். விமானக் கட்டணம், அமைப்பின் கட்டணம், தடுப்பூசி, விசா எல்லாவற்றையும் கூட்டி, அந்த ஊரில் ஒரு கொத்தனாரின் நாள் கூலியால் வகுத்துப் பாருங்கள். கூலி எவ்வளவு என்று அமைப்பிடமே கேளுங்கள். எத்தனை மாதக் கூலி என்று வரும் எண் உங்களைத் தூக்கிவாரிப் போடும். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் கொத்தனார்கள் அந்த ஊரிலும் இருப்பார்கள். கைக்கு அங்கே பஞ்சமில்லை. பணத்துக்கும், பொருளுக்கும், சில சமயம் நல்ல வரைபடத்துக்கும்தான் பஞ்சம். அதே சமயம் அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: போகவில்லை என்றால் அந்தப் பணம் முழுவதையும் நிஜமாகவே அனுப்புவீர்களா? பெரும்பாலானோர் அனுப்புவதில்லை. தன்னார்வலர் போனால்தான் நன்கொடை வரும் என்று பல அமைப்புகள் இந்த ஏற்பாட்டை வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். அதில் பெரிய கள்ளத்தனம் ஒன்றும் இல்லை, உங்கள் கட்டணத்தில் எவ்வளவு சிமெண்டாகவும் கூலியாகவும் மாறுகிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் வரை.

உழைக்கப் போவதற்கென்று ஒரு மதிப்பு தனியாக இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. பியர் செரெசோல் என்று ஒரு சுவிட்சர்லாந்துக்காரர், பொறியியல் படித்தவர். முதல் உலகப் போர் முடிந்து 1920-இல், வெர்டன் பக்கத்தில் தரைமட்டமான ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைச் சீரமைக்க ஒரு சிறு குழுவோடு போனார். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். இடித்த நாட்டுக்காரன் வந்து எடுத்துக் கட்டுவது என்பதுதான் அங்கே விஷயம். எத்தனை சுவர் எழும்பியது என்பது இரண்டாவது. 1934-இல் பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே மனிதர் பீகாருக்கே வந்து கிராமங்களைத் திரும்ப எழுப்பும் வேலையில் இறங்கினார். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய ஹேபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி அமைப்பில், வீடு பெறுகிறவரும் தன் உழைப்பைப் போட்டாக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. வீட்டுக்காரர் மண்வெட்டி பிடிக்கும்போது பக்கத்தில் நிற்கிற வெளியாளும் கூலியாள் மாதிரிதான். முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் பல ஆண்டுகள் அந்த வேலைகளுக்குப் போய் வந்தார். அவருக்கு மரவேலை தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் எனக்கு மனத்தில் நிற்கும் உதாரணம் இன்னொன்று. புர்கினா ஃபாசோ நாட்டில் காண்டோ என்று ஒரு கிராமம். அங்கே பிறந்து பெர்லினில் கட்டடக்கலை படித்த ஃபிரான்சிஸ் கேரே, மாணவராக இருக்கும்போதே ஜெர்மனியில் நிதி திரட்டித் தன் ஊருக்கு ஓர் ஆரம்பப் பள்ளி கட்டினார். 2001-இல் முடிந்தது. மண்ணால் கட்டப்போகிறேன் என்றபோது ஊர்க்காரர்கள் நம்பவில்லை, மழைக்குக் கரைந்துபோகுமே என்றார்கள். களிமண்ணில் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்துக் கற்கள் செய்து காட்டினார். தகரக் கூரையைச் சுவரோடு ஒட்டாமல், சாதாரணக் கட்டுமானக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சட்டத்தின் மேல் தூக்கி வைத்தார். இடையில் காற்று ஓடியதால் வகுப்பறை சூடாகவில்லை. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக அந்த ஊரே சேர்ந்து கட்டியது. வெளியிலிருந்து வந்தது பணமும் படிப்பும். கைத்தொழில் ஊரிலேயே தங்கியது. அங்கே பழகியவர்கள் பிறகு மற்ற இடங்களில் வேலைக்குக் கூப்பிடப்பட்டார்கள். 2022-இல் கேரேவுக்குக் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது, ஆப்பிரிக்காவிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள் அவர். உங்களை அழைக்கும் அமைப்பு இந்த மாதிரி எத்தனை உள்ளூர் ஆட்களைப் பழக்கியது என்று கேளுங்கள்.

அமைப்பிடம் கேட்க வேறு என்ன? கட்டடத்துக்குக் கையெழுத்திட்ட வரைபடம் இருக்கிறதா, யார் போட்டது? நிலம் யார் பெயரில்? ஆசிரியர் சம்பளத்தை யார் தருவார்கள்? (ஆசிரியர் வராத வகுப்பறை கடைசியில் தானியக் கிடங்காகும்.) ஐந்து வருடம் முன்பு கட்டிய கட்டடம் ஒன்றின் இன்றைய படத்தை அனுப்ப முடியுமா? எல்லாரிடமும் திறப்பு விழாப் படம் இருக்கும், இது இருக்காது. அப்புறம் இதையும் கேளுங்கள்: நீங்கள் செய்ததில் எது சரியாக வரவில்லை? கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளையே அறிக்கையாக வெளியிட்டது. எல்லாரும் அச்சடித்து வெளியிட வேண்டியதில்லை. ஆனால் கேட்டால் ஒன்றிரண்டு தோல்வியைக்கூடச் சொல்லத் தெரியாதவர்களிடம் நான் என் பெயரைக் கொடுக்க மாட்டேன். மேலே உள்ள ரிங் கதையை நான் எழுதியதும் அதற்காகத்தான்.

பள்ளியோடு அனாதை இல்லம் ஒன்றும் சேர்த்துக் கட்டுகிறோம், மாலையில் பிள்ளைகளோடு விளையாடலாம் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பது தெரியவந்திருக்கிறது. வெளிநாட்டு வருகையும் நன்கொடையும் கூடக் கூட, பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து இல்லங்களில் சேர்ப்பதும் கூடியது. அதற்குச் செங்கல் சுமக்க வேண்டாம்.

போவதென்று முடிவானால் சில சில்லறை விஷயங்கள். சம்பளம் இல்லாத வேலையும் வேலைதான் என்று பல நாட்டுச் சட்டம் சொல்கிறது. உதாரணமாக நேபாளத்தில் சுற்றுலா விசாவில் தன்னார்வ வேலை செய்யக் கூடாது. எந்த விசா என்று அமைப்பிடம் எழுத்தில் வாங்குங்கள். "சுற்றுலா என்று சொல்லிவிடுங்கள்" என்றால் அந்த அமைப்பு வேண்டாம். டெட்டனஸ் ஊசி பழையதாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஆணியும் கம்பியும்தான் அங்கே தினசரி. அடிப்பாகம் தடித்த, முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸை வாங்கி, ஒரு மாதம் முன்பே போட்டுப் பழகுங்கள். சாரத்தில் ஏறாதீர்கள், யார் கூப்பிட்டாலும். ஈரச் சிமெண்டில் முட்டி போட்டு உட்காராதீர்கள். அது தோலை அரிக்கும் கடும் காரத்தன்மை கொண்டது. அந்த நேரத்துக்கு வலிக்காது, சாயங்காலம் பேன்ட்டைக் கழற்றும்போதுதான் தோல் வெந்திருப்பது தெரியும். பட்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். காப்பீட்டில் கட்டட வேலைக்கு இடம் உண்டா என்றும் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பலவும் உடலுழைப்பு வேலையை ஓரங்கட்டிவிடும்.

இந்த வாரமே அமைப்புக்கு எழுதி, மேஸ்திரி யார், வரைபடம் எங்கே, இருப்புக் கணக்கை யார் பார்க்கிறார் என்று மூன்றை மட்டும் முதலில் கேளுங்கள். வரைபடம் அனுப்பினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தூண் ரிங்கின் முனையை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.